எக்ஸ்-மென்: 66-க்கு அப்புறம் 94, நடுவில் இருந்த 27 இதழ்கள் எங்கே?

எக்ஸ்-மென் காமிக்ஸைத் தொகுப்புகளாக வாங்கி வரிசையாகப் படிக்க ஆரம்பித்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. 1963-இல் தொடங்கிய தொடர் 66-ஆம் இதழோடு நிற்கிறது. அடுத்து ஒரு சிறப்பிதழ், அப்புறம் நேராக 94. நடுவில் 27 இதழ்கள் எங்கே போயின? சில இடத்தில் ‘எக்ஸ்-மென்’, சில இடத்தில் ‘அன்கேனி எக்ஸ்-மென்’ என்று போட்டிருக்கிறதே, இரண்டும் ஒன்றா? 1991-இல் எதற்கு மறுபடியும் முதல் இதழ்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 67 முதல் 93 வரை வந்தவை எல்லாம் பழைய கதைகளின் மறுபதிப்பு. அதனால்தான் தொகுப்புகளில் அவற்றைச் சேர்ப்பதில்லை, உங்களிடம் எதுவும் விட்டுப்போகவில்லை. ‘அன்கேனி’ என்பது அதே தொடருக்குப் பின்னால் வந்த பெயர். 1991-இல் வந்தது அதன் பக்கத்திலேயே ஓடிய இரண்டாவது தொடர். ஆனால் இத்தோடு நிறுத்தினால் முக்கியமான விஷயம் விட்டுப்போகும். இந்தத் தொடர் நன்றாக வந்ததற்கும் பின்னால் தடம் மாறியதற்கும் காரணம் அது வெளியான விதத்திலேயே இருக்கிறது. விற்காமல் கிடந்த நாட்களில் மேலிடத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சுதந்திரத்தில் வளர்ந்தது. எல்லோர் கண்ணும் அதன் மேல் விழுந்த பிறகு அந்தச் சுதந்திரம் போய்விட்டது.

ஒரு குறிப்பு: நான் சொல்லும் மாதங்கள் பெரும்பாலும் அட்டையில் அச்சான மாதங்கள். அமெரிக்க காமிக்ஸ் கடைக்கு வருவது அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே.

முதல் இதழ் செப்டம்பர் 1963. கதை ஸ்டான் லீ, ஓவியம் ஜாக் கிர்பி, விலை 12 சென்ட். அதே மாதம்தான் ‘அவெஞ்சர்ஸ்’ முதல் இதழும் வந்தது. பிறவியிலேயே சக்தியோடு பிறந்த ஐந்து பதின்ம வயதுப் பிள்ளைகள் (சைக்ளாப்ஸ், பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன், மார்வெல் கேர்ல்), சக்கர நாற்காலியில் இருக்கும் அவர்களுடைய பேராசிரியர், எதிரில் மாக்னீட்டோ. லீ முதலில் வைக்க நினைத்த பெயர் ‘தி மியூட்டன்ட்ஸ்’, மரபணு மாற்றத்தோடு பிறந்தவர்கள் என்று பொருள். அந்தச் சொல் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் மறுத்துவிட்டார். கதாநாயகர்களுக்குச் சக்தி எப்படி வந்தது என்று ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு விபத்தை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், ‘பிறவியிலேயே அப்படித்தான்’ என்று சொல்லிவிடலாம் என்பதே இந்த யோசனையின் தொடக்கம் என்று லீ பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேலையைச் சுலபமாக்கச் செய்த ஏற்பாடு. அதிலிருந்துதான் ‘பிறப்பினாலேயே வெறுக்கப்படுகிறவர்கள்’ என்ற கரு பிற்காலத்தில் முளைத்தது.

தொடர் ஆரம்பத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான் வந்தது. அன்றைக்கு எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் புத்தகங்களைக் கடைகளுக்கு விநியோகித்தது போட்டி நிறுவனமான டிசியின் துணை நிறுவனம். மாதத்துக்கு இத்தனை புத்தகம்தான் எடுப்போம் என்று அவர்கள் வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்புக்குள் ஸ்பைடர்மேன், ஃபென்டாஸ்டிக் ஃபோர் எல்லாம் அடங்க வேண்டும். எக்ஸ்-மென் மாத இதழ் ஆனது நவம்பர் 1965-இல், 14-ஆம் இதழில். அதற்குள் கிர்பி முழு ஓவியம் வரைவதை நிறுத்திவிட்டு, பக்க அமைப்பை மட்டும் போட்டுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். 17-ஆம் இதழோடு அதுவும் நின்றது. லீ 19-ஆம் இதழோடு விலகினார். 20-இலிருந்து ராய் தாமஸ்.

அறுபதுகளின் பிற்பாதி இதழ்களைப் படித்தால் விற்பனையைத் தூக்கி நிறுத்த என்னவெல்லாம் செய்து பார்த்தார்கள் என்று தெரியும். 39-இல் ஒரே மாதிரி சீருடையைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு புது உடை. 42-இல் பேராசிரியரையே சாகடித்தார்கள். அடுத்து குழுவைக் கலைத்து, அட்டையில் தனித்தனி ஆட்களின் பெயரைப் பெரிதாகப் போட்டார்கள். இடையில் சில இதழ்களை எழுதியவர் ஆர்னால்டு டிரேக். சக்கர நாற்காலித் தலைவரும் உலகம் ஒதுக்கிய ஆட்களும் கொண்ட ‘டூம் பேட்ரோல்’ குழுவை, எக்ஸ்-மென்னுக்குச் சில மாதங்கள் முன்பே டிசியில் உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். ஜிம் ஸ்டெராங்கோ இரண்டு இதழ் வரைந்தார். 50-ஆம் இதழுக்கு அவர் வடிவமைத்த தலைப்பு எழுத்து, அந்தப் பட்டையான முப்பரிமாண எழுத்து, பல பத்தாண்டுகள் நிலைத்தது.

1969-இல் 56-ஆம் இதழிலிருந்து நீல் ஆடம்ஸ் வந்தார். மார்வெலில் மிக மோசமாக விற்கும் புத்தகம் எது என்று லீயிடம் கேட்டதாகவும், ‘எக்ஸ்-மென், இன்னும் இரண்டு இதழில் நிறுத்தப்போகிறோம்’ என்று பதில் வந்ததாகவும், அப்படியானால் அதையே கொடுங்கள் என்றதாகவும் ஆடம்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த இதழ்களை இப்போது எடுத்துப் பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாது. சாய்ந்த கட்டங்கள், பக்கத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும் உருவங்கள், நிஜ மனிதர்கள் போன்ற முகங்கள். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் பக்க அமைப்பு என்ற ஒன்றையே மறுபடி யோசிக்க வைத்த வேலை அது. ஆனாலும் தொடர் பிழைக்கவில்லை. அந்தக் காலத்தில் புத்தகங்கள் செய்தித்தாள் கடைகளுக்குப் போகும், விற்காதவை திரும்பி வரும், எத்தனை விற்றது என்பது மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். இன்றைக்கு எடுக்கும் முடிவுக்கு ஆதாரம் போன வருடத்துக் கணக்கு. மார்ச் 1970, 66-ஆம் இதழோடு புதிய கதை நின்றது.

ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1970-இல், 67-ஆம் இதழ் வந்தது. உள்ளே பழைய கதைகள். அப்படியே ஏப்ரல் 1975 வரை, 93-ஆம் இதழ் வரை ஓட்டினார்கள். மறுபதிப்புக்குப் புதிய கதைக்கும் ஓவியத்துக்கும் பணம் தர வேண்டாம், காகிதமும் அச்சும்தான் செலவு. சுமாராக விற்றாலே போதும். இந்த நாலரை வருடத்தில் எக்ஸ்-மென் ஆட்கள் மற்றவர்கள் புத்தகங்களில் விருந்தாளிகளாகத் தலைகாட்டினார்கள். பீஸ்ட் மட்டும் 1972-இல் ‘அமேசிங் அட்வென்ச்சர்ஸ்’ இதழில் தனிக்கதை பெற்று, அங்கேதான் உடம்பெல்லாம் முடி முளைத்த உருவத்துக்கு மாறினார்.

அந்த 27 இதழ்களை வெறும் இடைவெளி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெயரும் எண்ணும் கடையில் உயிரோடு இருந்தன. அப்படி இருந்ததால்தான் 1975-இல் புதிய கதைக்குப் புதிய தலைப்பும் முதல் எண்ணும் தேடாமல் 94 என்று தொடர முடிந்தது.

இப்போது 1975. வெளிநாட்டுச் சந்தையில் விற்க, பல நாட்டு ஆட்கள் கொண்ட குழு இருந்தால் நல்லது என்ற பேச்சு மார்வெல் தலைமையில் எழுந்தது. எழுத முதலில் வேறு ஒருவர் பேசப்பட்டு, கடைசியில் அந்த வேலை லென் வீனுக்கு வந்தது. ஓவியம் டேவ் காக்ரம். மே 1975-இல் ‘ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழ். 68 பக்கம், 50 சென்ட். அதிலும் பின்பக்கங்களை நிரப்ப மறுபதிப்பு!

இந்த இதழின் அட்டையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கில் கேன் பென்சிலில் வரைந்து, அதன் மேல் காக்ரம் மை போட்டது. பின்னணியில் பழைய ஐவர் குழுவின் ஆட்கள் வெளிறிய முகத்தோடு இருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கிழித்துக்கொண்டு புதிய ஆட்கள் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறார்கள். உள்ளே திறந்தால் பேராசிரியர் நாடு நாடாகப் போய் ஆள் சேர்க்கிறார். ஜெர்மனியில் ஊரே தீப்பந்தத்தோடு துரத்தும் நைட்கிராலர். கென்யாவில் மழைக்கடவுளாக வணங்கப்படும் ஸ்டார்ம். பைக்கால் ஏரி அருகே சோவியத் கூட்டுப்பண்ணையில் உழும் கொலாசஸ். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்கச் சிறுவர் புத்தகத்தில் சோவியத் விவசாயப் பையன் கதாநாயகன்! கனடாவின் வுல்வரின் முந்தைய வருடம் ஹல்க் கதையில் அறிமுகமானவர். அப்பாச்சி இனத்தைச் சேர்ந்த தண்டர்பேர்டை அடுத்த சில மாதத்திலேயே, 95-ஆம் இதழில், சாகடித்துவிட்டார்கள். காக்ரம் நைட்கிராலரை முதலில் யோசித்தது டிசியின் ஒரு தொடருக்காக. அங்கே வேண்டாம் என்றார்கள், அவர் உருவத்தைப் பத்திரமாக வைத்திருந்து இங்கே கொண்டு வந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடிமனான சிறப்பிதழாகத்தான் இதைத் தொடரத் திட்டம். அது மாறியது. இரண்டாவது சிறப்பிதழுக்கு எழுதிய கதையை இரண்டாக வெட்டி, 94, 95 என்று வழக்கமான இதழில் போட்டார்கள். 66-க்கு அப்புறம் 94-க்குத் தாவும் இடம் இதுதான். லென் வீன் அப்போது மார்வெலின் தலைமை ஆசிரியர், கையில் வேறு புத்தகங்களும் இருந்தன. எக்ஸ்-மென்னை அலுவலகத்தில் இருந்த 24 வயது கிறிஸ் கிளேர்மான்ட்டிடம் கொடுத்துவிட்டார். மறுபடியும் இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ், யாரும் பெரிதாக எதிர்பார்க்காத புத்தகம். கிளேர்மான்ட் அதை 1991 வரை, 16 வருடம் எழுதினார். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ஒரு தொடரை ஒரே கை இவ்வளவு காலம் தொடர்ந்து எழுதியது மிக அரிது.

எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில்தான் மெதுவாகக் கதை சொல்ல முடியும். கிளேர்மான்ட் ஒரு விதையைப் போட்டால் அது முளைக்க இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். சண்டை முடிந்த பிறகு சமையலறையில் நடக்கும் பேச்சுக்குப் பக்கம் ஒதுக்கினார். பெண் பாத்திரங்களைத் துணைக்கு நிற்பவர்களாக விடாமல் கதையின் நடுவில் நிறுத்தினார். வுல்வரினின் நகங்கள் கையுறையில் பொருத்தியவை என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். 98-ஆம் இதழில் அவை அவர் உடம்பிலேயே உள்ளவை என்று தெரிகிறது. ஒற்றைக் கட்டத்தில் போகிற போக்கில் வரும் விஷயம் அது. அந்தப் பாத்திரத்தின் வலி எல்லாம் பின்னால் அதிலிருந்துதான் வந்தது.

டிசம்பர் 1977-இல் 108-ஆம் இதழிலிருந்து ஓவியம் ஜான் பைர்ன், மை டெர்ரி ஆஸ்டின். 112-இல், ஆகஸ்ட் 1978-இல், மறுபடி மாத இதழ் ஆனது. 143 வரை நீளும் இந்தக் காலத்தைத்தான் பெரும்பாலோர் தொடரின் உச்சம் என்பார்கள், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. பைர்னும் கிளேர்மான்ட்டும் கதையைச் சேர்ந்தே பின்னினார்கள், சேர்ந்தே சண்டையும் போட்டார்கள். கனடாவில் வளர்ந்த பைர்ன், கனடாக்காரரான வுல்வரினைக் கதையில் பின்னுக்குத் தள்ள விடவில்லை. அந்தச் சண்டையின் சூடு பக்கங்களில் தெரிகிறது.

செப்டம்பர் 1980, 137-ஆம் இதழ். இரட்டைப் பருமன், 75 சென்ட். இது எப்படி முடிந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜீன் கிரே (முதல் குழுவின் மார்வெல் கேர்ல்) ஃபீனிக்ஸ் என்ற அண்ட சக்தியின் பிடியில் ஒரு விண்மீனையே விழுங்கிவிட, அதைச் சுற்றிய கோளில் இருந்த 500 கோடி உயிர்கள் அழிகின்றன. கிளேர்மான்ட்டும் பைர்னும் முதலில் வைத்த முடிவில் ஜீன் சாகவில்லை. சக்தி பறிக்கப்பட்டு, சாதாரணப் பெண்ணாக வீடு திரும்புகிறாள். அப்படியே வரைந்தும் முடித்துவிட்டார்கள். அப்போதைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தனை உயிரைக் கொன்றவள் தண்டனை இல்லாமல் வீட்டுக்குப் போவது அறமாகாது என்பது அவர் நிலைப்பாடு. கடைசிப் பக்கங்களை அவசரமாகத் திரும்ப எழுதி, திரும்ப வரைந்தார்கள். நிலவில், காதலன் சைக்ளாப்ஸின் கண்ணெதிரே, ஜீன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள். பழைய முடிவை 1984-இல் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். பழைய முடிவு நிம்மதியானது, அவ்வளவுதான். அச்சான முடிவு நெஞ்சில் தங்குகிறது. ஆசிரியர் அறையின் தலையீடு கதையைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். இங்கே அது கதையைக் காப்பாற்றியது.

இனி பெயர் விஷயம். ‘அன்கேனி’ என்ற சொல் 114-ஆம் இதழிலிருந்து அட்டையில் வர ஆரம்பித்தது. ஆனால் புத்தகத்தின் முதல் பக்க அடியில் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும் பாருங்கள், அதுதான் சட்டப்படி தலைப்பு. அங்கே 141 வரை ‘தி எக்ஸ்-மென்’, 142-இலிருந்து ‘தி அன்கேனி எக்ஸ்-மென்’. இந்த இரண்டு இதழ்களும்தான் ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ கதையின் இரண்டு பாகங்கள், ஜனவரி, பிப்ரவரி 1981. ஒரே கதையின் முதல் பாகம் ஒரு தலைப்பில், இரண்டாம் பாகம் இன்னொரு தலைப்பில்! பட்டியல்களில் குழப்பம் வருவது இதனால்தான். எண் தொடர்ந்து ஒன்றே.

அடுத்த பத்து வருடத்தை வேகமாகக் கடக்கலாம். காக்ரம் திரும்பி வந்து போனார், பால் ஸ்மித், ஜான் ரொமிட்டா ஜூனியர், மார்க் சில்வெஸ்ட்ரி என்று ஓவியர்கள் மாறினார்கள், எழுத்து மட்டும் மாறவில்லை. 150-ஆம் இதழில் மாக்னீட்டோ சிறுவயதில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இருந்தவர் என்று தெரியவந்து, வில்லனைப் பற்றிய நம் பார்வையே மாறியது. 1982-இல் ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’ சித்திர நாவல். செய்தித்தாள் கடைகளை நம்பாமல், காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக்கடைகள் பெருகியது இந்தத் தொடருக்குப் பெரிய பலம். மாதாமாதம் விடாமல் வாங்குகிறவர்களுக்கு நீண்ட கதைதான் வேண்டும்.

விற்பனை ஏறியதும் கிளைகள் முளைத்தன. 1983-இல் வந்த ‘நியூ மியூட்டன்ட்ஸ்’ கிளேர்மான்ட்டே எழுதியது. ஆனால் 1986-இன் ‘எக்ஸ்-ஃபேக்டர்’ அவர் விருப்பத்துக்கு மாறாக வந்தது. பழைய ஐவரை ஒன்று சேர்க்க ஜீன் கிரேயை உயிர்ப்பிக்க வேண்டும். 137-இல் செத்தது உண்மையான ஜீனே இல்லை என்று விளக்கம் கொடுத்தார்கள். சைக்ளாப்ஸ் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவளிடம் ஓடினார். தொடர் தடம் மாறியது 1991-இல் என்பார்கள். என்னைக் கேட்டால் முதல் விரிசல் இதுதான். ஒரு மரணத்துக்கு இருந்த கனத்தை, இன்னொரு புத்தகம் விற்க வேண்டும் என்பதற்காக எடுத்துவிட்டார்கள்.

1989-இல் தொழிலதிபர் ரொனால்டு பெரல்மன் மார்வெலை 8 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஜூலை 1991-இல் பங்குச் சந்தைக்குக் கொண்டு போனார். அந்த நேரத்தில் காமிக்ஸை முதலீடாக வாங்கிக் குவிக்கும் மோகம் உச்சத்தில் இருந்தது. முதல் இதழ் என்றால் பின்னால் நல்ல விலை போகும் என்ற நம்பிக்கை. ஜிம் லீயின் ஓவியத்துக்கு ரசிகர்கள் அலைமோதினார்கள். இரண்டாவது தொடர் பிறந்த காரணம் இவைதான். ‘எக்ஸ்-மென்’ என்ற வெறும் பெயரில், அட்டைத் தேதி அக்டோபர் 1991, கிளேர்மான்ட் எழுத்து, ஜிம் லீ ஓவியம். ஐந்து விதமான அட்டைகள். நான்கைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரே பெரிய படம், ஐந்தாவது அந்தப் படம் முழுவதும் மடிப்பாக விரியும் விலை கூடிய பதிப்பு. ஒரே ஆள் ஐந்தையும் வாங்குவது சகஜமாக இருந்தது. கடைகளுக்குப் போனது 80 லட்சம் பிரதிகளுக்கும் மேல், கின்னஸ் சாதனை. அவ்வளவு பிரதி இருந்தால் எப்படி விலை ஏறும்? இன்றும் பழைய புத்தகக் கடைகளில் அது மலிவாகத்தான் கிடைக்கிறது.

அந்தச் சாதனை இதழை எழுதியவர் அதற்குள் வெளியேறிக்கொண்டிருந்தார். கதையின் போக்கை ஓவியர்கள் தீர்மானிக்க, தொடரின் பதிப்பாசிரியர் பாப் ஹாரஸ் அவர்கள் பக்கம் நிற்க, கிளேர்மான்ட்டுக்கு இடம் சுருங்கியது. ‘அன்கேனி’ 279-ஆம் இதழைப் பாதியில் விட்டார், மீதியை ஃபேபியன் நிசீசா எழுதி முடித்தார். புதிய தொடரில் மூன்று இதழோடு விடைபெற்றார். சில மாதங்களில் ஜிம் லீ, சில்வெஸ்ட்ரி, போர்ட்டாசியோ உள்ளிட்ட ஓவியர்களும் வெளியேறி, மற்றவர்களோடு சேர்ந்து 1992-இல் ‘இமேஜ் காமிக்ஸ்’ தொடங்கினார்கள். யாருக்காக எழுத்தாளரை இழந்தார்களோ அவர்களும் போய்விட்டார்கள். 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது.

அப்புறமும் நல்ல கதைகள் வந்தன. 1995-இல் எல்லா எக்ஸ் தொடர்களையும் நான்கு மாதம் நிறுத்தி, வேறு பெயர்களில் நடத்திய ‘ஏஜ் ஆஃப் அப்போகலிப்ஸ்’ துணிச்சலான வேலை. 1991-இல் தொடங்கிய இரண்டாவது தொடர் 2001-இல் 114-ஆம் இதழிலிருந்து ‘நியூ எக்ஸ்-மென்’ ஆகி, கிராண்ட் மாரிசன் கையில் புத்துயிர் பெற்றது. பழைய ‘அன்கேனி’ எண் 2011-இல் 544-ஐத் தொட்டு முடிந்தது, உடனே மறுபடி 1. அதற்குப் பிறகு எத்தனையோ முதல் இதழ்கள்.

வாங்கும் வரிசைக்கு வருவோம். ஜயன்ட்-சைஸ் முதல் இதழ், பிறகு 94 முதல் 143 வரை: இதுதான் முதலில் கையில் இருக்க வேண்டியது. அடுத்து ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’. பிறகு 200 வரை போகலாம். அதில் மாக்னீட்டோ பாரிஸில் நீதிமன்றத்தில் நிற்கிறார். 56 முதல் 65 வரையிலான இதழ்களைத் தனியாக, ஓவியத்துக்காக வாங்குங்கள், நடுவில் 64 மட்டும் வேறு ஓவியர். 67 முதல் 93 வரை தேடி அலைய வேண்டாம், அந்தக் கதைகள் வேறு எண்ணில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன.